37 ஆயிரம் அடியில் ஆட்டோபைலட் கையை விட்டால்?

2010ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசி வாரம். மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதே நிறுவனத்தின் இன்னொரு விமானம், போயிங் 737-800, துபாயிலிருந்து புனேக்கு வந்து கொண்டிருந்தது. உள்ளே 113 பயணிகள். உயரம் 37 ஆயிரம் அடி. விமானத்தை ஓட்டிக் கொண்டிருந்தது ஆட்டோபைலட். கேப்டன் கழிவறைக்குச் சென்றிருந்தார். காக்பிட்டில் இருந்தவர் 25 வயது துணை விமானி ஒருவர் மட்டுமே.

அவர் தன் இருக்கையைச் சற்று முன்னால் நகர்த்தினார். அப்போது எதிரே இருந்த ஸ்டியரிங் தண்டு தெரியாமல் முன்பக்கம் தள்ளப்பட்டது. விமானத்தின் மூக்கு கீழே இறங்கியது. முதலில் கொஞ்சம். பிறகு அதிகம். கடைசியில் 26 டிகிரி வரை கீழ்நோக்கிச் சாய்ந்தது. வேகம் அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டியது. வெளியே நின்ற கேப்டன் மணி அடித்தார். உள்ளே பதற்றத்தில் இருந்தவரால் கதவைத் திறக்க முடியவில்லை. அவசரகால எண்ணை அழுத்திக் கதவைத் திறந்து உள்ளே வந்த கேப்டன்தான் விமானத்தை மீட்டார். அதற்குள் சுமார் 7 ஆயிரம் அடி இறங்கியாகி விட்டது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு!

பயணிகளிடம் "ஏர் பாக்கெட்" என்று சொல்லப்பட்டது. உண்மை என்னவென்று, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) விசாரணை அறிக்கை வெளியான பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. இப்படி ஒரு நிலையைச் சமாளிக்கும் பயிற்சி அந்தத் துணை விமானிக்கு இல்லை என்பதே அறிக்கை சொன்ன முக்கியமான செய்தி.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் விமானம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இன்றைய ஜெட் விமானம் என்பது இறக்கை கட்டிய கம்ப்யூட்டர்தான். அதில் நடக்கும் தவறுகள் பல, உங்கள் வீட்டு மேசையில் நடக்கும் தவறுகளின் அண்ணன்மார்கள். அங்கே அவற்றுக்கான விலைதான் வேறு.

திருவான்மியூரில் எங்கள் குடியிருப்பில், கீழ் வீட்டில் ஓய்வு பெற்ற அரசு அதிகாரி ஒருவர் இருக்கிறார். அவருடைய மகள் குடும்பம் துபாயில். அவர்களுடன் வீடியோவில் பேசுவதற்காகவே ஒரு லேப்டாப் வாங்கியிருக்கிறார். சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடுவார். ஒரு நாள் கேட்டார்: "தம்பி, பிளேனை எல்லாம் கம்ப்யூட்டரே ஓட்டுதாமே. அப்புறம் பைலட் எதுக்கு?" நல்ல கேள்வி. சாப்ட்வேர் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அவரிடம் பகுதி பகுதியாகச் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

மெல்லிய காற்று, குறுகிய பாதை

முதலில் அந்த உயரத்தில் என்ன சிக்கல் என்று பார்ப்போம். எவரெஸ்ட் சிகரமே 29 ஆயிரம் அடிதான். 37 ஆயிரம் அடியில் காற்றின் அடர்த்தி, தரையில் இருப்பதில் கால் பங்கைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். வெப்பநிலை சுமார் மைனஸ் 56 டிகிரி.

விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது இறக்கையின் மேல் ஓடும் காற்று. காற்று மெலிந்து விட்டால், அதே எடையைத் தாங்க அதிக வேகத்தில் பறக்க வேண்டும். வேகம் குறைந்தால் மூக்கை இன்னும் தூக்க வேண்டும். ஒரு அளவுக்கு மேல் தூக்கினால் காற்று இறக்கையை ஒட்டி ஓடாமல் பிய்த்துக் கொண்டு போய்விடும். தூக்கும் விசை சரிந்து விடும். இதற்கு "ஸ்டால்" என்று பெயர். பைக் சிக்னலில் ஆஃப் ஆகி நிற்பதையும் ஸ்டால் என்போம். இது அது இல்லை. என்ஜின்கள் முழு வேகத்தில் ஓடிக் கொண்டிருக்கும் போதே விமானம் ஸ்டால் ஆகலாம். ஸ்டால் என்பது இறக்கையின் நோய்.

சரி, வேகமாகவே பறக்கலாமே? அங்கேயும் ஒரு சுவர் இருக்கிறது. ஒலியின் வேகம் தரை மட்டத்தில் மணிக்கு சுமார் 1,225 கிலோமீட்டர். மேலே குளிர் அதிகம் என்பதால் அது சுமார் 1,060 ஆகக் குறைந்து விடுகிறது. பயணிகள் விமானங்கள் ஒலியின் வேகத்தை நெருங்கும்படி வடிவமைக்கப்பட்டவை அல்ல. 737-800 விமானம் வழக்கமாக ஒலியின் வேகத்தில் 0.78 பங்கில் பறக்கும். அதற்கு அனுமதிக்கப்பட்ட எல்லை 0.82 பங்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால் மேல் பக்கம் இருக்கும் இடைவெளி மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர்தான். எடை அதிகமாக, உயரமும் அதிகமாக ஆக, கீழ் எல்லையும் மேலே ஏறி வரும். இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டிக் கொள்ளும் இடத்துக்கு விமானிகள் வைத்திருக்கும் பெயர் "சவப்பெட்டி மூலை".

எங்கள் ஊரில் தொடங்கும் ஈ.சி.ஆரில் நீங்கள் கார் ஓட்டுவதாக நினைத்துக் கொள்ளுங்கள். வேகம் 60க்குக் கீழே போனால் கார் கவிழும், 70க்கு மேலே போனால் பாகங்கள் கழன்று விழும் என்றால் எப்படி ஓட்டுவீர்கள்? அதோடு இன்னொன்று. மெல்லிய காற்றில் அசைவைத் தடுத்து நிறுத்தும் பிடிப்பும் குறைவு. தரைக்கு அருகில் மெதுவாக ஆட்டம் காட்டும் விமானம், மேலே அதே அளவு கை அசைவுக்குச் சட்டென்று அதிகம் ஆடும்.

ஆட்டோபைலட் என்ன செய்கிறது?

உங்கள் வீட்டு ஏ.சி.யை 24 டிகிரியில் வைக்கிறீர்கள். அது அறையின் வெப்பத்தை அளக்கிறது. 24ஐவிட அதிகமா? ஓடு. குறைவா? நில். ஆட்டோபைலட் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்கிறது. வேண்டிய உயரம் எது, இருக்கும் உயரம் எது, வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு விநாடியில் பல தடவை ஒப்பிட்டுப் பார்த்து, வால் பகுதியில் உள்ள தகட்டை மெல்ல அசைக்கிறது. அதற்குச் சலிப்பு கிடையாது, தூக்கம் வராது.

29 ஆயிரம் அடிக்கும் 41 ஆயிரம் அடிக்கும் இடையே விமானங்களுக்கு நடுவில் உயர இடைவெளி ஆயிரம் அடிதான். உங்கள் விமானத்துக்கு மேலே ஆயிரம் அடியில் இன்னொரு விமானம் எதிர்த் திசையில் போய்க் கொண்டிருக்கும். இதற்குத் துல்லியம் வேண்டும் என்பதால் அந்த உயரங்களில் பறக்கத் தானியங்கி உயரக் கட்டுப்பாடு கட்டாயம்.

இதன் பக்க விளைவைக் கவனியுங்கள். விமானி கையால் ஓட்டுவது புறப்படும் போதும் இறங்கும் போதும் சில நிமிடங்கள் மட்டுமே. 37 ஆயிரம் அடியில், அந்தக் குறுகிய பாதையில், கையால் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பே பலருக்குக் கிடைப்பதில்லை. ஒரு நாள் ஆட்டோபைலட் "இந்தா, நீயே பிடி" என்று சொல்லும் போது, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அங்கே கை வைக்க வேண்டியிருக்கும். ஆபத்து இருப்பது அந்தக் கைமாறும் நொடியில்தான்.

கேப்ஸ் லாக் பாடம்

புனே விமானத்துக்கு வருவோம். ஆட்டோபைலட் உயரத்தைப் பிடித்துக் கொண்டிருக்கும் போது ஸ்டியரிங் தண்டை ஓரளவுக்கு மேல் தள்ளினால், 737 விமானத்தின் ஆட்டோபைலட் முழுவதும் அணைந்து விடாது. "விமானி தானே ஓட்ட நினைக்கிறார் போலிருக்கிறது" என்று எடுத்துக் கொண்டு வேறு ஒரு மோடுக்கு மாறிவிடும். "கண்ட்ரோல் வீல் ஸ்டியரிங்" என்பது அதன் பெயர். அந்த மோடில் அது உயரத்தைக் காப்பாற்றாது. தண்டு எந்தச் சாய்வில் கொண்டு போய் விடப்பட்டதோ, அந்தச் சாய்வையே பிடித்துக் கொள்ளும். திரையில் சிறிய எழுத்துகள் மஞ்சள் நிறத்தில் மாறும்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இந்த அனுபவம் வேறு வடிவில் வந்திருக்கும். பாஸ்வேர்டைச் சரியாகத்தான் அடிக்கிறீர்கள். ஏற்க மறுக்கிறது. மீண்டும் அடிக்கிறீர்கள், மறுக்கிறது. கடைசியில் பார்த்தால் விரல் பட்டு கேப்ஸ் லாக் விழுந்திருக்கிறது. கீபோர்டு பழுதாகவில்லை, நீங்களும் தவறாக அடிக்கவில்லை. மெஷின் வேறு மோடில் இருக்கிறது, உங்கள் மனம் வேறு மோடில் இருக்கிறது. அதைச் சொல்வது ஒரு குட்டி விளக்கு மட்டும். வீட்டில் என்றால் ஒரு நிமிடம் எரிச்சல். அங்கே 7 ஆயிரம் அடி.

உள்ளே எத்தனை கம்ப்யூட்டர்கள்?

நம் வாசகர்களுக்குப் பிடித்த பகுதி இது. ஏர்பஸ் ஏ320 விமானத்தில் இறக்கை, வால் தகடுகளை அசைக்கும் கம்ப்யூட்டர்களில் ஒரு வகை மோட்டோரோலா 68010 சிப்பைக் கொண்டு வடிவமைக்கப்பட்டது. இன்னொரு வகை இன்டெல் 80186. போயிங் 777 விமானத்தின் முதன்மைக் கம்ப்யூட்டர்கள் மூன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று வெவ்வேறு சிப்கள்: இன்டெல் 80486, மோட்டோரோலா 68040, ஏஎம்டி 29050. ஆமாம், 1990களில் பல வீடுகளுக்கு வந்த அதே 486தான்! கோடிக்கணக்கில் விலையுள்ள விமானத்தில் இவ்வளவு பழைய சிப்பா என்று வியக்க வேண்டாம். வேகத்தைவிட நம்பகம் முக்கியம். வெவ்வேறு கம்பெனிச் சிப்களை வைப்பதற்கும் காரணம் உண்டு. ஒரு சிப்பின் வடிவமைப்பில் கோளாறு இருந்தால் மற்றவை அதைக் காட்டிக் கொடுக்கும். மூன்றில் இரண்டு சொல்வதே முடிவு. ஒரு வகையில் ஓட்டெடுப்பு.

சரி, மூன்றுக்கும் ஒரே தவறான தகவல் போனால்? 2009 ஜூன் 1 அன்று நடந்தது அதுதான்.

ஏர் பிரான்ஸ் 447, ஏர்பஸ் ஏ330 விமானம். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் போய்க் கொண்டிருந்தது. 228 பேர். அட்லாண்டிக் கடலுக்கு மேல் 35 ஆயிரம் அடியில், வேகத்தை அளக்கும் "பிடோட்" குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்துக் கொண்டன. வேக அளவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. எதை நம்புவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. அது ஹேங் ஆகவில்லை, நேர்மையாக ஒதுங்கிக் கொண்டது. ஆட்டோபைலட் விலகியது. ஸ்டால் ஆகாமல் தடுக்கும் பாதுகாப்பும் அதனுடன் போனது. இங்கேயும் கேப்டன் ஓய்வெடுக்கச் சென்றிருந்தார்.

ஓட்டிக் கொண்டிருந்த துணை விமானி கட்டுப்பாட்டுக் குச்சியைப் பின்னால் இழுத்தார். விமானம் 38 ஆயிரம் அடியை நெருங்கி ஏறியது, வேகம் குறைந்தது, ஸ்டால் ஆனது. எச்சரிக்கை ஒலி தொடர்ந்து 54 விநாடிகள் ஒலித்தது. வேக அளவுகள் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் சரியாகிவிட்டன. ஆனால் மூக்கு மேலேயே இருந்தது. நிமிடத்துக்குப் பத்தாயிரம் அடிக்கு மேற்பட்ட வேகத்தில் விமானம் கடலில் விழுந்தது. ஆட்டோபைலட் விலகியதிலிருந்து அதுவரை நான்கரை நிமிடம்கூட இல்லை. கறுப்புப் பெட்டிகள் 2011 மே மாதத்தில்தான் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டன.

சாப்ட்வேர்காரனாக என்னைத் தூங்க விடாத ஒரு விவரம் இதில் உண்டு. வேகம் 60 நாட்டுக்கும் (மணிக்குச் சுமார் 111 கிலோமீட்டர்) கீழே காட்டினால், சாய்வுக் கோணத்தின் அளவை நம்ப முடியாது என்று புரோகிராமில் எழுதப்பட்டிருந்தது. பறக்கும் விமானம் அவ்வளவு மெதுவாகப் போகாது என்பதால் அது நியாயமான விதிதான். ஆனால் ஸ்டால் மிக ஆழமாகப் போன போது வேகம் அதற்கும் கீழே காட்டியது. உடனே எச்சரிக்கை ஒலி நின்று விட்டது. விமானி குச்சியைக் கொஞ்சம் முன்னால் தள்ளியதும் அளவு மீண்டும் நம்பத்தக்கதாகி, ஒலி திரும்ப வந்தது! சரியானதைச் செய்தால் கத்துகிறது, தவறானதைச் செய்தால் அமைதியாகிறது. புரோகிராமில் எந்த வரியும் பிழை இல்லை. எழுதியவர் இப்படி ஒரு நிலை வரும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

லேபிள் மாறினால்

கம்ப்யூட்டர் ஒதுங்கிக் கொள்ளாமல் தவறான தகவலை நம்பிவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு உதாரணம் உண்டு. 2008 அக்டோபர் 7, குவாண்டாஸ் 72. சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நோக்கி, 37 ஆயிரம் அடியில் ஏ330. தகவல் சேகரிக்கும் பெட்டி ஒன்று, விமானத்தின் உயரத்தைக் குறிக்கும் எண்ணைச் சாய்வுக் கோணம் என்ற லேபிளுடன் அனுப்பியது. எக்ஸெலில் ஒரு காலத்தில் இருக்க வேண்டிய எண் பக்கத்துக் காலத்தில் விழுவது போல. கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டருக்கு 50 டிகிரிக்கு மேல் மூக்கு தூக்கியிருப்பதாகத் தெரிந்தது. ஸ்டாலைத் தடுக்க அதுவே மூக்கைக் கீழே தள்ளியது. விமானம் இறங்கியது 650 அடிதான். ஆனால் உள்ளே இருந்தவர்கள் கூரையில் மோதினார்கள். 315 பேரில் 119 பேருக்குக் காயம், 12 பேருக்குப் பலத்த காயம். விமானிகள் லியர்மன்த் என்ற இடத்தில் பத்திரமாக இறக்கினார்கள். பைலட் எதற்கு என்ற கேள்விக்கு இது ஒரு பதில்.

பறக்கும் போது ரீஸ்டார்ட்

நம் வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்தியத்தில் முதல் மருந்து எது? ஆஃப் பண்ணி ஆன் பண்ணு! நானும் கீழ் வீட்டு சாருக்கு அதைத்தான் சொல்வேன். 2014 டிசம்பர் 28 அன்று இந்தோனேஷியாவின் சுராபயாவிலிருந்து சிங்கப்பூர் புறப்பட்ட ஏர் ஏஷியா 8501 விமானத்தின் கதையை அதற்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

வால் பகுதியைச் சேர்ந்த ஒரு மின்னணுப் பலகையில் ஈயப்பற்று விரிசல் விட்டிருந்தது. அதனால் எச்சரிக்கை வந்து வந்து போனது. முந்தைய 12 மாதங்களில் 23 தடவை இதே புகார் பதிவாகியிருந்தது. விபத்துக்குச் சில நாட்கள் முன்பு, தரையில் நின்ற விமானத்தில், பொறியாளர் ஒருவர் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட்டுத் திரும்பப் போட்டு இதைச் சரி செய்ததைக் கேப்டன் பார்த்திருந்தார். அன்று 32 ஆயிரம் அடியில் எச்சரிக்கை மூன்று தடவை வந்தது. விதிப்படி சமாளித்தார்கள். நான்காவது தடவை பதிவானது, சர்க்யூட் பிரேக்கரை இழுத்துப் போட்டால் வரும் பதிவை ஒத்திருந்தது. ஆட்டோபைலட் விலகியது. பாதுகாப்புகளும் போயின. யாரும் பிடிக்காத விமானம் சில விநாடிகளில் 54 டிகிரி இடப்பக்கம் சாய்ந்தது. பிறகு ஏறியது, ஸ்டால் ஆனது. 162 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. ஏர்பஸ் விமானத்தில் இரண்டு விமானிகளுக்கும் தனித்தனிக் குச்சிகள். ஒருவர் அசைப்பது மற்றவர் கைக்குத் தெரியாது. இருவரும் சேர்ந்து அசைத்தால் கம்ப்யூட்டர் இரண்டையும் கூட்டிக் கொள்ளும். உங்கள் கம்ப்யூட்டரில் இரண்டு மவுஸ்களைச் செருகிப் பாருங்கள். நீங்கள் வலப்பக்கமும் உங்கள் மகன் இடப்பக்கமும் இழுத்தால் அம்புக்குறி தவிக்கும். அன்று கேப்டன் முன்னால் தள்ளிக் கொண்டிருந்தார், துணை விமானி பின்னால் இழுத்துக் கொண்டிருந்தார். கேப்டன் சொன்ன வார்த்தையும் குழப்பமாக இருந்தது. "இழு" என்பதும் "கீழே" என்பதும் ஒரே வாக்கியத்தில் வந்து விட்டன.

நம் நாட்டிலிருந்து கிளம்பிய இன்னொரு விமானத்தையும் சொல்லிவிடுகிறேன். 2014 ஆகஸ்ட் 8. மும்பையிலிருந்து பிரஸ்ஸல்ஸ் சென்ற ஜெட் ஏர்வேஸ் போயிங் 777, துருக்கி வான்வெளியில் 5 ஆயிரம் அடி இறங்கியது. கேப்டன் விதிப்படி அனுமதிக்கப்பட்ட ஓய்வில் இருந்தார். துணை விமானியின் கவனம் டேப்லெட்டில் இருந்தது. தரையிலிருந்த துருக்கிக் கட்டுப்பாட்டு நிலையம் கேட்ட பிறகுதான் உயரம் குறைந்தது கவனிக்கப்பட்டது. நல்ல வேளையாக அந்த இடத்தில் வேறு விமானம் இல்லை. மெஷின் பார்த்துக் கொள்ளும் என்ற நம்பிக்கை, பார்க்கும் கண்ணை முதலில் மூடுகிறது.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?

கேட்டால் எளிதாக இருக்கும். வேக அளவு நம்ப முடியாமல் போனால், விமானத்தின் மூக்கை எப்போதும் இருக்கும் சாய்விலும் என்ஜினை எப்போதும் இருக்கும் விசையிலும் வைத்துவிட்டு, அதிகம் எதையும் தொடாமல் இருப்பது. ஒரு நிமிடத்துக்கு முன்பு பத்திரமாகப் பறந்து கொண்டிருந்த விமானம், அதே சாய்விலும் அதே விசையிலும் தொடர்ந்து பறக்கும். ஸ்டால் ஆகிவிட்டால் மூக்கைக் கீழே தள்ளுவது. விழும் போது கீழே தள்ளுவதா? மனம் ஒப்பாது. ஆனால் இறக்கைக்குக் காற்றைத் திருப்பிக் கொடுக்க வேறு வழி இல்லை. 37 ஆயிரம் அடியில் தாராளமாகச் செலவு செய்யக் கூடியது உயரம் ஒன்றுதான்.

இவ்வளவு உயிர்கள் போன பிறகு பயிற்சி மாறியது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2014இல் விமானம் கைமீறிப் போவதைத் தடுக்கவும் மீட்கவும் தனிப் பயிற்சியை விதிகளில் சேர்த்தது. அமெரிக்காவில் 2019 முதல் விமான நிறுவன விமானிகள் சிமுலேட்டரில் முழு ஸ்டால் வரை சென்று மீள வேண்டும் என்பது கட்டாயமானது. அந்த நொடி வரும் முன்பே கைக்குப் பழக்கம் வர வேண்டும் என்பதே நோக்கம்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

இதைச் சொன்னால் புரியாது, செய்தால் புரியும். ப்ளைட்கியர் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. முற்றிலும் இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். பெரிய பைல் என்பதால் மொபைல் டேட்டாவில் இறக்க வேண்டாம். திறந்ததும் செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் சென்னைக்கு உரிய குறியீடான விஓஎம்எம் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை டைப் செய்யுங்கள். மீனம்பாக்கம் ஓடுபாதை வந்து விடும். பேஜ் அப் கீயை அழுத்தினால் என்ஜின் விசை கூடும், பேஜ் டவுன் குறைக்கும். கீழ் அம்புக்குறி மூக்கைத் தூக்கும், மேல் அம்புக்குறி இறக்கும். ஆமாம், தலைகீழ்தான். விமானத்தில் பின்னால் இழுத்தால்தான் மேலே போகும்.

கீழ் வீட்டு சாரின் லேப்டாப்பில் இதை இன்ஸ்டால் செய்து, நான்காயிரம் அடிக்கு ஏற்றி, விசையைக் குறைத்து, அவர் கையில் கொடுத்தேன். "உயரம் குறையக் கூடாது சார், அவ்வளவுதான் வேலை." அவர் கீழ் அம்புக்குறியை அழுத்தினார். மூக்கு தூக்கியது. எச்சரிக்கை ஒலி வந்தது. இன்னும் அழுத்தினார். விமானம் தொய்ந்து விழ ஆரம்பித்தது. "விழுது தம்பி, விழுது!" என்றபடி இன்னும் பலமாக அழுத்தினார். மேல் அம்புக்குறியை அழுத்தச் சொன்னேன். "கீழே போற பிளேனை மேலும் கீழே தள்ளச் சொல்றீங்களா?" என்றார். கடல் வந்து விட்டது.

மூன்றாவது முயற்சியில் அவரே மூக்கைக் கீழே இறக்கி, வேகம் வரும் வரை பொறுத்து, மெல்ல மட்டப்படுத்தினார். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உட்கார்ந்து பார்க்கிற எனக்கே கை நடுங்குதே, அந்த 25 வயசுப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டார். பைலட் எதுக்கு என்று அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

செஸ்னா ஜெட் விமானம் அல்ல. வீட்டு சிமுலேட்டர் உண்மையான பயிற்சியும் அல்ல. ஆனால் இழுக்கத் துடிக்கும் கையை அது உங்களுக்கே காட்டிக் கொடுக்கும்.

உங்களுக்கு இரண்டு குறிப்புகள்

ஒன்று, கம்ப்யூட்டருக்கு. திரையில் பழக்கமில்லாத செய்தி வந்தால் உடனே எதையும் அழுத்தாதீர்கள், பவர் பட்டனையும் தொடாதீர்கள். என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். மொபைலில் ஒரு படம் எடுத்து வையுங்கள். சேமிக்காத பைல் இருந்தால் முதலில் சேமியுங்கள். பிறகு ரீஸ்டார்ட் செய்யலாம். ஒரே பிழைச் செய்தி அடிக்கடி வந்தால், ரீஸ்டார்ட் செய்ததும் போய்விடுகிறதே என்று விட்டுவிடாமல் காரணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 23 தடவை வந்து போன அந்த எச்சரிக்கையை நினைவில் வையுங்கள்.

இரண்டு, பயணத்துக்கு. உயரத்தில் விமானம் கைமீறுவது மிக மிக அரிது. அதற்காகப் பறக்கப் பயப்பட வேண்டாம். ஆனால் விளக்கு அணைந்து விட்டாலும், இருக்கையில் இருக்கும் வரை பெல்ட்டைக் கழற்றாதீர்கள். குவாண்டாஸ் விமானத்தில் கூரையில் மோதியவர்கள் பெல்ட் போடாமல் அமர்ந்திருந்தவர்களும் நின்று கொண்டிருந்தவர்களும்தான். துபாயிலிருந்து மகள் அடுத்த தடவை கிளம்பும் போது இதை மட்டும் சொல்லிவிடுகிறேன் என்றார் கீழ் வீட்டு சார். நீங்களும் உங்கள் வீட்டில் சொல்லி வையுங்கள்.